மேடையில் கொடுத்த ராக்கெட்

முதலில் ஒரு எச்சரிக்கை. கடைக்குள் வருகிற எவரும் ராக்கெட்டைக் கையில் எடுத்ததும் காற்றில் ஒரு வீசு வீசிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் தள்ளி நில்லுங்கள். என் மூக்குக் கண்ணாடி ஒன்று அப்படித்தான் போனது. வீசியவர் ஒரு பெரிய தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. பாதுகாப்பே முதன்மை என்று அவர் சட்டையிலேயே தைத்திருந்தது.

கவுன்டர் இப்போது உங்களுடையது. நான் படப்பையில் வீட்டோடு இருக்கிறேன். விளையாட்டுக் கோர்ட் முதலாளி கார்த்திக் போன் செய்து, "புதுசா ரெண்டு பேர் சேந்திருக்காங்க ரோஸியக்கா, வந்து நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்" என்றார். எழுதியே தருகிறேன் என்றேன். நேரில் வந்து பேசினால் நீங்கள் பாதியில் போனைப் பார்ப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், வந்த காரியம் கெட்டுப்போகும்.

நான் முதலில் தாம்பரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் இருந்தவள். ஷட்டில் மட்டை, கேரம் காய், மூன்றாம் பரிசுக் கோப்பை, இவைதான் என் உலகம். ஒரகடத்தைத் தாண்டி, குடோன்களுக்கு நடுவே கார்த்திக் நாலு கண்ணாடிக் கூண்டுகளைக் கட்டி, "அக்கா, இது பேடல். கூடவே ஒரு கடையும் போடறேன். நீங்க வந்து பாத்துக்கோங்க" என்றபோது எனக்கு அது ஏதோ மிருகக்காட்சிசாலை போலத்தான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் கேட்பார்கள், இப்படிச் சொல்லுங்கள்: நாலு பேர், நடுவில் வலை, சுற்றிலும் கண்ணாடிச் சுவர். பந்து தரையில் ஒரு குத்து குத்தி, பின்னாலிருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தாலும் ஆட்டம் முடியாது, அதையும் எடுத்து அடிக்கலாம். ராக்கெட்டில் வலைப்பின்னல் கிடையாது. கெட்டியான பலகை, அதில் வட்ட வட்டமாக ஓட்டை. என் வீட்டுக்காரர் முதல்முறை பார்த்துவிட்டு, "பூந்திக் கரண்டிக்கு இவ்ளோ பெரிய கடையா?" என்றார். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், ராக்கெட் விற்கிறேன் என்றதும் தீபாவளிக்கு எவ்வளவு தள்ளுபடி என்று கேட்டார்.

தொழில்நுட்பம் எல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். வட்டத் தலை ராக்கெட் சொன்ன பேச்சு கேட்கும், வேகத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். டயமண்ட் தலைக்கு எடையெல்லாம் உச்சியில். நடுவில் பட்டால் பந்து பறக்கும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் அதிர்வு நேரே முழங்கைக்கு வந்து குசலம் விசாரிக்கும். இரண்டுக்கும் நடுவே துளி வடிவம் ஒன்று உண்டு. பிறகு 12கே, 18கே என்று போட்டிருப்பார்கள். அது கார்பன் இழையின் கணக்கு. ஒருவர் என்னிடம் ஹால்மார்க் எங்கே என்று கேட்டார்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். வராதது ஆளைப் பார்ப்பது. புதிதாக ஆட வருகிறவரைப் பற்றிக் கவலையில்லை, எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார். நன்றாக ஆடுகிறவர் நம்மைக் கேட்கவே மாட்டார். ஆபத்தானவர் நடுவில் இருக்கிறார். நேற்று மூன்று பந்தைப் பிரமாதமாக அடித்திருப்பார். நாலாவது பந்து வலையில் விழுந்ததற்கு ராக்கெட்தான் காரணம் என்று இரவெல்லாம் யூடியூப் பார்த்துவிட்டு, மறுநாள் சிவந்த கண்ணோடு நம் முன்னால் வந்து நிற்பார். அவரிடம் எந்த ராக்கெட் வேண்டும் என்று கேட்காதீர்கள். எந்தப் பந்தில் தோற்றீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் அதற்குப் பதில் சொல்லும்போதே வேறு ஆளாகிவிடுவார்கள்.

அப்படி நடுவில் இருந்த ஒருத்தியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அவள் பெயர் ஜோதி.

ஜோதி வல்லம் வடகால் பக்கத்துப் பெண். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்புகிற ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனி வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கோர்ட்டைத் தன் ஆட்களுக்காக எடுத்திருந்தது. எங்களிடம் அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வேறு எவரும் இல்லை. ஆரம்பத்தில் பஸ் நிறைய வந்தார்கள், கண்ணாடிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். தங்கியவர்கள் ஐந்தாறு பேர். ஜோதி முதல் நாள் யூனிஃபார்மோடு வந்து கூண்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இன்னாக்கா, உள்ள வுட்டு வெளிய பூட்டிடுவீங்களா?"

"தோத்தவங்கள மட்டும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனவள்தான். பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியிருக்கிறாள். வீடு, குழந்தை, ஷிஃப்ட் என்று கையிலிருந்த ஆட்டத்தை எங்கோ வைத்துவிட்டவள், எங்கள் கோர்ட்டில் மறுபடி எடுத்துக்கொண்டாள். கண்ணாடியில் பட்டு வரும் பந்து எங்கே விழும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது இவள் அங்கே போய் நின்றிருப்பாள். அவள் கையில் இருந்தது கோர்ட்டில் வாடகைக்குக் கொடுக்கும் வட்டத் தலை ராக்கெட், ஓரமெல்லாம் பெயர்ந்தது.

அவளுடைய கம்பெனியின் வைஸ் பிரசிடென்ட் சுந்தரம் சார் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர். பேடல் மீது அவருக்கு இருந்த காதலில் கால்வாசிகூட பேடலுக்கு அவர் மீது இல்லை. ஆனால் அவருக்கு அது தெரியாது. ஏனென்றால் அவரோடு ஆடிய கம்பெனி ஆட்கள் ஒருவர் தவறாமல் தோற்றார்கள். அவர் அடித்தது வலையில் பட்டால், "நல்ல ஷாட் சார், வலைதான் கொஞ்சம் உயரம்" என்று சொன்ன மேலாளரை நானே பார்த்திருக்கிறேன். இந்த வழக்கத்தை ஜோதிக்கு எவரும் சொல்லிவைக்கவில்லை. ஒரு சாயங்காலம் ஆள் குறைந்து அவரோடு ஆட வேண்டி வந்தது. அடித்து நொறுக்கிவிட்டாள். கூட ஆடியவர்கள் முகம் வெளுத்துப்போய் நின்றார்கள். சுந்தரம் சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இந்தப் புள்ளை எந்த லைனுங்க?" என்று ஆனந்தமாகக் கேட்டார். இந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்கு இடையே ஒரு போட்டி வைப்பதாகக் கார்த்திக் அறிவித்திருந்தார். கலப்பு இரட்டையரில் தன் ஜோடி ஜோதிதான் என்று சார் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆயுத பூஜை அன்று, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும், மொத்த ஆலையின் முன்னால் ஜோதியை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ராக்கெட்டைப் பரிசாகக் கொடுத்தார். டயமண்ட் தலை. கல் மாதிரி முகம். கறுப்பில் தங்கக் கோடு. அதன் மேல் வெள்ளி நிற மையில் "வாழ்த்துகளுடன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். கைதட்டல், போட்டோ, அறிவிப்புப் பலகை, எல்லாம் ஆயிற்று.

மறுநாள் கடைக்குக் கொண்டுவந்து காட்டினாள். அருமையான பொருள். ஆனால் பல வருடம் ஆடித் தோளில் பலம் ஏறிய ஆளுக்கு உரியது. அவளுக்கு அது ஆட்டோ ஓட்டுகிறவளிடம் கன்டெய்னர் லாரியின் சாவியைக் கொடுத்த மாதிரி.

"தல கனமா இருக்கு ஜோதி. உனக்கு இப்போதைக்கு இது வேணாமே" என்றேன்.

"சார் குட்த்ததுக்கா. கனமா இருந்தா நான்தான் பழகிக்கணும். வேணாம்னு எப்படிச் சொல்றது? மேடைல வச்சு குட்த்துக்கீறாரு."

பழகவில்லை. வலைக்குப் பக்கத்தில் பந்து வந்து போன பிறகு அவள் ராக்கெட் வந்து சேர்ந்தது. மெல்லத் தட்டிவிட வேண்டிய பந்துகள் கூண்டைத் தாண்டிப் பக்கத்து குடோனில் விழுந்தன. காவல்காரர் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்கும்போது முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். சுந்தரம் சார் மட்டும், "பவர் பாத்தீங்களா!" என்று எங்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஒரு நாள் கைப்பிடியில் சுற்றியிருக்கும் கிரிப் நாடா மேல் இன்னொரு சுற்று சுற்றித் தரச் சொன்னாள். இரண்டு நாளில் மறுபடி வந்து அதற்கு மேல் இன்னொரு சுற்று கேட்டாள். நான் டீ கொடுத்தேன். அவள் வலக்கைக்காரி. டம்ளரை இடக்கையால் வாங்கினாள்.

"கைய நீட்டு" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா."

முழங்கைக்கு வெளிப்புறம் ஒரு விரலால்தான் தொட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எத்தினி நாளா இது?"

"பூஜ முடிஞ்ச அடுத்த வாரத்துலர்ந்து. காலைல பேஸ்ட்ட அமுக்க முடியலக்கா. லைன்ல கனெக்டர மாட்டிக் காட்டச் சொல்லோ இடக்கையால மாட்டிக்கினு கீறேன். பசங்க சிரிக்கிதுங்க."

அப்போதுதான் முழு விஷயமும் வெளியே வந்தது. கம்பெனியில் புது லைன் ஒன்று தொடங்கப்போகிறார்கள். அதில் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு ஜோதியின் பெயரும் இருக்கிறது. கிடைத்தால் ஷிஃப்ட் மாறி மாறி ஓட வேண்டாம், மகளோடு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடலாம். அதற்குக் கையால் செய்து காட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது. கை வலிக்கிறது என்று கம்பெனி டாக்டரிடம் போனால் எப்படி வந்தது என்று கேட்பார். வைஸ் பிரசிடென்ட் கொடுத்த பரிசால் வந்தது என்று எந்த வாயால் சொல்வது?

நீங்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாம் கவுன்டரில் நிற்கிறவர்கள், வைத்தியர் இல்லை. ஐஸ் வை, தைலம் தேய் என்று அங்கே நின்று மருத்துவம் பார்க்காதீர்கள். நான் அவளைப் படப்பையில் எனக்குத் தெரிந்த ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டுக் கொஞ்ச நாள் ஆடவே கூடாது, பிறகும் அந்தக் கனமான ராக்கெட்டைத் தொடக் கூடாது என்று சொல்லிப் பயிற்சிகள் கொடுத்தாள். ஜோதி சாரிடம் மகளுக்குப் பரீட்சை என்று சொல்லி ஆட்டத்துக்கு லீவு போட்டாள். வலி இறங்கி, மெதுவாக ஆடலாம் என்று பிசியோ சொன்னதும் என்னிடம் வந்தாள்.

"அக்கா, இத நீயே வச்சிக்கோ. கிரிப் மாத்த குட்த்திருக்கேன்னு சார்கிட்ட சொல்லிக்கிறேன். அதுவரிக்கும் எனுக்கு வேற ஒண்ணு குடு."

நானும் ராக்கெட்டை வாங்கி உள்பக்கச் சுவரில் மாட்டிவிட்டு, ஆடிப் பார்க்கக் கொடுக்கும் வட்டத் தலை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் இது பெரிய ராஜதந்திரமாகப் பட்டது. கிரிப் மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று பேடல் தொட்ட எவருக்கும் தெரியும் என்பது எங்கள் இரண்டு மூளைக்கும் எட்டவில்லை. ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சுந்தரம் சார் கடைக்குள் வந்தார். கூடவே கார்த்திக். போட்டிக்குத் தனக்கும் ஜோதிக்கும் ஒரே நிறத்தில் கிரிப் வேண்டுமாம், கம்பெனியின் நீல நிறத்தில். கம்பெனியின் கோர்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சும் அன்றைக்குத்தான். அதனால் கார்த்திக் அவருக்கு முன்னால் பாதி குனிந்தபடியே நடந்துவந்தார். நான் நீல கிரிப்பைத் தேடக் குனிந்து நிமிர்வதற்குள் சார் சுவரைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, அது நான் குடுத்த ராக்கெட்டுங்களே?"

வெள்ளி மையில் அவர் கையெழுத்து அத்தனை தூரத்திலிருந்தும் பளபளத்தது.

நான் வாய் திறப்பதற்குள் கார்த்திக் திறந்தார். "கிரிப் மாத்த வந்திருக்கு சார்!"

சார் எட்டி எடுத்தார். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சுற்று, எல்லாமே புதுசு.

"கிரிப்பு நல்லாத்தானுங்களே இருக்குது?"

கார்த்திக் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒப்பந்தம், நாலு கோர்ட், வங்கி, என் வேலை எல்லாம் இருந்தன. இன்னொரு பொய் சொல்லுங்கள் அக்கா, பெரியதாகச் சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. என் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராகவும் இருந்தது: ஓரத்தில் கீறல், பிளாஸ்திரி ஒட்டுகிறோம். உண்மையும் பக்கத்திலேயே நின்றது: சார், உங்கள் பரிசு அந்தப் பெண்ணின் கையைக் காவு கேட்கிறது.

தம்பி, தங்கச்சி, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அன்றைக்கு ஒரே மூச்சில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பொய் சொன்னால் அதை நாளைக்கு ஜோதி சுமக்க வேண்டும். உண்மையைப் போட்டு உடைத்தால், அவளுடைய வேலைத் தேர்வு நெருங்கும் நேரத்தில், அவளைக் கேட்காமலே, அவள் கை சரியில்லை என்று அவள் முதலாளியிடம் போட்டுக் கொடுத்தவளாவேன். வலி அவளுடையது. ராக்கெட் அவளுடையது. அதைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை?

"ஜோதி மூணாவது கோர்ட்ல இருக்கா சார். கூப்பிடறேன். அவ சாமான், அவளே சொல்லட்டும்" என்றேன்.

கார்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் போய்க் கூண்டின் கண்ணாடியைத் தட்டினேன். வெளியே வந்தவளிடம், "சார் சுவத்துல ராக்கெட்டப் பாத்துட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. நீ இன்னா சொன்னாலும் நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். அவள் நடந்துகொண்டே முகத்தைத் துடைத்தாள்.

உள்ளே சார் ராக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "என்னாச்சும்மா ஜோதி? பிடிக்கலையா?"

"பிடிச்சிது சார்" என்றாள். ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டாள். "மேடைல கூப்ட்டு குட்த்தீங்களே, எங்கம்மா அந்த போட்டாவ ஊருக்கே காட்டினு இருந்துச்சு. ஆனா இது என் கைக்கு ஒத்து வரல சார். முழங்கை போச்சு. பிசியோகிட்ட போய்ட்டு வந்து இப்பதான் பரவால்ல. வேணாம்னு உங்ககிட்ட சொல்ல பயந்துகினு இங்க மாட்டி வச்சிட்டேன். தப்புன்னா திட்டுங்க. ஆனா திரும்ப இத வச்சி என்னால ஆட முடியாது சார்."

சார் ராக்கெட்டைப் பார்த்தார், ஜோதியின் முழங்கையைப் பார்த்தார், பிறகு கார்த்திக்கைப் பார்த்தார். கார்த்திக் கூரையைப் பார்த்தார்.

சார் ராக்கெட்டைக் கவுன்டரில் வைத்துவிட்டுத் ஆடும்போதுகூட மடிக்காத தன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். கையை மெல்ல மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே கறுப்பு நிறத்தில் இறுக்கிக் கட்டிய பட்டை.

"எனக்கும் ஆறு மாசமா இருக்குதுங்க" என்றார்.

கவுன்டரில் கிடந்த ராக்கெட்டை விரலால் தட்டினார்.

"இதே மாடல்தானுங்க. என்னோடதும். டாக்டர் ராக்கெட்ட மாத்துன்னாருங்க. கம்பெனில எல்லாரும் சார் சார் பவர் சார்ன்னு சொல்லிட்டிருக்கறப்ப, நான் போய் லேசான ராக்கெட்டத் தூக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?" ஜோதியிடம் திரும்பினார். "எனக்கு வலிக்குது, வயசு அப்படி. சின்னப் புள்ளைக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சுட்டேன்ம்மா. கேட்டுருக்கோணும். மேடையில குடுக்கறதுக்கு முந்தி ஒரு வார்த்தை உன்னைய கேட்டுருக்கோணும்."

ஜோதி முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். நான் சிரித்தேன். கார்த்திக் மட்டும் சிரிக்கலாமா என்று யோசித்து, சார் சிரிப்பதை உறுதி செய்துகொண்டு, கடைசியில் சேர்ந்துகொண்டார்.

பிறகுதான் எங்கள் உண்மையான வேலை ஆரம்பித்தது. இரண்டு பேரையும் கவுன்டர் முன்னால் நிறுத்தி நான் எப்போதும் கேட்பதைக் கேட்டேன். எந்தப் பந்தில் தோற்கிறீர்கள்?

"எல்லாத்துலயுமேதானுங்க" என்றார் சார்.

"இல்ல சார்" என்று ஜோதி தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "கண்ணாடில பட்டுத் திரும்பி வர்ற பால நீங்க சும்மா தூக்கி விட்டா போதும். நீங்க அதையும் ஒரே அடியா முடிக்கப் பாக்கறீங்க. அங்கதான் பாயின்ட் போவுது."

அவர் வாழ்க்கையில் அதுவரை எவரும் சொல்லாத விஷயம் அது. அவருக்கு லேசான, மெத்தென்ற வட்டத் தலை ராக்கெட் ஒன்றைக் கொடுத்து ஆடிப் பார்க்க அனுப்பினேன். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. கண்ணாடியில் பட்டு வந்த பந்துகளைத் தூக்கித் தூக்கி விட்டிருக்கிறார், வலிக்கவில்லை, எதிரிகள் தலைக்கு மேல் போய் விழுந்திருக்கின்றன. ராக்கெட்டைத் திருப்பிப் பார்த்தவர் என்னைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இதையே எடுத்துக்கறேனுங்க. இந்த ‘பிகினர்’ங்கற ஸ்டிக்கர மட்டும் எடுத்துக் குடுக்க முடியுமுங்களா?"

கார்த்திக் வீட்டிலிருந்து ஹேர் டிரையர் வரவழைத்து, சூடு காட்டி, நகத்தால் சுரண்டி எடுத்தார். பேடல் கோர்ட் முதலாளிக்கு இந்த வேலையெல்லாம் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு.

ஜோதிக்கும் அதே மாதிரி மெத்தென்ற ஒன்றைத்தான் கொடுத்தேன், இன்னும் லேசானதாக. கொஞ்ச நேரம் ஆடிவிட்டு வந்து கவுன்டரில் வைத்தாள்.

"பஞ்சு மூட்ட மாதிரி கீதுக்கா. கை வலிக்கல. ஆனா பாலும் போவல. நான் என்னா நோயாளியா?"

சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. அந்த முழங்கையைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து நான் ஒரு நோயாளிக்குத்தான் ராக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். வளர்ந்துகொண்டிருக்கும் ஆட்டக்காரி ஒருத்தி எதிரில் நிற்பதையே மறந்துவிட்டேன். இதையும் மனதில் வையுங்கள். கனமானதைத் தலையில் கட்டுவது எவ்வளவு தப்போ, பயந்துகொண்டு ஒருவரை அவர் இருக்கும் இடத்துக்குக் கீழே இறக்கி வைப்பதும் அவ்வளவு தப்பு. அவர்கள் இன்னும் ஒரு வருடம் வளர இடம் விட்டுக் கொடுங்கள்.

அடுத்து துளி வடிவத்தில் ஒன்றை எடுத்தேன். எடை அதிகமில்லை, உள்ளே மென்மையான ஃபோம், தலைப்பக்கம் சாயாமல் கையில் அடங்கி நிற்கும். ஒரே குறை அதன் நிறம். மஞ்சள் பூசணியும் ஊதாக் கத்தரிக்காயும் சண்டை போட்ட மாதிரி இருக்கும். அதனாலேயே எவரும் வாங்காமல் வந்த நாளிலிருந்து அலமாரியில் உட்கார்ந்திருந்தது. ஜோதி அதை எடுத்துக்கொண்டு போனாள். வெகு நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வலைக்குப் பக்கத்தில் நின்று, வந்த பந்தையெல்லாம் எதிர்ப்பக்கத்து மூலையில் ஒரே இடத்தில் இறக்கிக்கொண்டிருந்தாள். அடிக்கடி நிறுத்தி முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "நெறம்தான் கண்றாவியா கீது. பரவால்ல, அத நான் பாக்கப் போறதில்ல, எதுர்ல நிக்கிறவங்கதான் பாக்கணும்" என்றாள்.

பெயரை, விளம்பரத்தை, யார் கையில் பார்த்தோம் என்பதை எல்லாம் தாண்டி, தன் கை சொன்னதைக் கேட்டு ஒருவர் ராக்கெட் எடுத்ததை அன்றைக்கு நான் பார்த்தேன். நீங்கள் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய நேரம் அதுதான். எனக்கு அது கஷ்டம், நான் வாயாடி. உங்களுக்குச் சுலபமாக இருக்கலாம்.

வேலைத் தேர்வில் ஜோதி வலக்கையால்தான் செய்து காட்டினாள். பயிற்சியாளர் வேலை கிடைத்தது. அந்தச் செய்தியை என்னிடம் போனில் சொல்லும்போது, பின்னால் அவள் மகள் ராத்திரிக்குச் சப்பாத்தியா தோசையா என்று கத்திக்கொண்டிருந்தாள்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்கு நான் ஏன் வரவில்லை என்று எங்கள் பங்குத் தந்தை இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். சுந்தரம் சாரும் ஜோதியும் முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். எனக்கே நம்பிக்கையில்லாமல் இருந்தது, அவர்கள் ஜெயித்தே விட்டார்கள். இரண்டாவது ஆட்டம் பிள்ளைப்பாக்கம் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் ஜோடியோடு. கடைசிவரை இழுத்துக்கொண்டு போனது. சுந்தரம் சாரின் ஆட்கள் கூண்டைச் சுற்றி நின்று கண்ணாடி அதிரக் கத்தினார்கள். கடைசிப் பந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்து விழுந்தது. இவர் அவளைப் பார்த்தார், அவள் இவரைப் பார்த்தாள், பந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டது. தோற்றார்கள்.

கூட்டம் அடங்கியது. மேலாளர்கள் குளிர்பானத்தோடும் துண்டோடும் ஆறுதலோடும் கூண்டு வாசலில் வரிசை கட்டினார்கள். "அருமையான ஆட்டம் சார், வெயில்தான்..." என்று ஒருவர் தொடங்கிவிட்டார்.

உள்ளே ஜோதி ராக்கெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு சாரை நேருக்கு நேர் பார்த்து நின்றாள். குரல் வெளியில் எல்லாருக்கும் கேட்டது.

"அது உங்க பாலு சார். நடுவுல வந்தா ஃபோர்ஹேண்ட் யாருக்கு வருதோ அவங்க எடுக்கணும்னு எத்தினி தபா சொன்னேன்? ஏன் சார் என் மூஞ்சியப் பாக்கறீங்க? பாலப் பாருங்க!"

வாசலில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு பாட்டிலிலிருந்து குளிர்பானம் ஒழுகி யாரோ ஒருவரின் ஷூ மேல் விழுந்துகொண்டிருந்தது, அவர் காலை நகர்த்தவில்லை.

சுந்தரம் சார் கண்ணாடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். யோசித்தார்.

"ஆமாங்க, என்னோடதுதானுங்க" என்றார். "கோர்ட்டு இன்னும் காலியாத்தான இருக்குது? அந்தப் பந்தையே ஒருக்கா போட்டுப் பாக்கலாமுங்களா?"

ஜோதி பந்தை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனாள்.